ஓபி ஒக்கொங்வோவின் வரவும் செலவும்

ஒரு நாடு பிறராட்சியினின்று விடுபடும் நாள் நெருங்குங்கால் அந்நாட்டு இலக்கியத்தில் முதற்கண் தலைகாட்டுவோர் யாவர் என்பது ஆராய்தற்குரிய வினா. போராட்டத் தலைவரும் சிறை சென்ற தொண்டரும் முன்வருவர் என நாம் எதிர்பார்த்தல் இயல்பே. நைஜீரிய நாட்டார் ஆங்கிலத்தில் எழுதிய நகர்ப்புறப் புதினங்களில் அங்ஙனம் நிகழவில்லை. அவற்றுள் முன்வந்து நிற்போருள் தலையாயவன், தேர்வில் வென்று, கடல் கடந்து சென்று, பட்டத்தோடு மீண்டு, அரசாங்க மேசை ஒன்றன் முன் அமரும் இளைஞன். அவனைத் தலைமகனாகக் கொண்டு சினுவா அச்செபே இயற்றிய ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ என்னும் புதினம் 1960-இல் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில்தான் நைஜீரியா விடுதலை பெற்றது. அப்புதினத்தின் பெயரை ‘இனி அமைதியில்லை’ என நாம் தமிழில் வழங்கலாம்; இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம்.

இந்நூலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே சொற்றொடரில் அடங்கிவிடுகின்றனர். ‘இரு பண்பாடுகளின் மோதல்’ என்பதே அது. நம் துறைகளில் ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர் அளிக்கும் கட்டுரைகளிலும் அத்தொடர் தவறாது இடம்பெறக் காண்கிறோம். அதற்கு ஆசிரியரும் ஒரு வகையில் பொறுப்பாளரே. தம் முதற் புதினத்தின் பெயரை யேட்சின் பாடலிலிருந்தும், இதன் பெயரை எலியட்டின் பாடலிலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார். தன் பழைய நாட்டிற்கு மீண்டும் அங்கே பொருந்தாது வருந்தும் ஒருவனின் குரலை எலியட்டின் பாடலில் கேட்கிறோம். தலைப்பைக் கண்டவுடன் நூலின் பொருள் விளங்கிவிட்டதாகக் கருதும் பழக்கம் திறனாய்வாளரிடம் உண்டு. அத்தகையோர்க்கு இத்தலைப்பு வாய்ப்பாகிவிட்டது.

பண்பாட்டு மோதல் இந்நூலில் இல்லை என நாம் கூற வரவில்லை. அது மட்டுமே ஓபியின் வீழ்ச்சிக்குக் காரணமாயின், நூலில் பக்கந்தோறும் பணத்தொகைகள் ஏன் வருகின்றன என்பதற்கு விடை கிடைப்பதில்லை. கடன், தவணை, காப்புறுதி, வருமான வரி, மின்கட்டணம், தம்பியின் பள்ளிச் சம்பளம், தாயின் மருத்துவச் செலவு என இவ்வளவு கணக்குகளை ஒரு புதின ஆசிரியர் வீணே எழுதுவாரா? இக்கணக்குகளை அணிகலன்களாகக் கொள்ளாது உயிர்நிலையாகக் கொண்டு படிக்க வேண்டும் என்பதே நம் துணிபு.

முதலில் காலநிலையைச் சிறிது நோக்குவோம். ஆங்கிலர் ஆட்சியில் நைஜீரிய அரசுப் பணி இரு அடுக்குகளாக இருந்தது. மேலடுக்கு ஐரோப்பியர்க்கு உரியது. கீழடுக்கு ஆப்பிரிக்கர்க்கு உரியது. 1948-இல் ஹ்யூ ஃபுட் தலைமையில் அமைந்த குழு, தகுதியுடைய நைஜீரியர் கிடைக்குமிடத்துப் பிற நாட்டாரை மேற்பணிகளில் அமர்த்தலாகாது என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் இபதான் பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தோன்றியது. 1957-இல் கிழக்கு, மேற்கு வட்டாரங்களும், 1959-இல் வடக்கு வட்டாரமும் தன்னாட்சி பெற்றன. பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர்க்கு இவ்வாண்டுகள் எத்துணை வேகமாகக் கதவுகளைத் திறந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தை ஆயுள் முழுதும் உழைத்தும் கனவிலும் காணாத பதவியில் மகன் முதல் நாளிலேயே அமர முடிந்தது.

அச்செபேயும் அவ்விளைஞருள் ஒருவர். 1930-இல் பிறந்து, இபதானின் முதல் மாணவர் அணியில் மருத்துவம் பயிலச் சேர்ந்து, பின்னர் இலக்கியத்தின்பால் மாறி, அதனால் தமக்குக் கிடைத்த உதவித்தொகையை இழந்தவர் அவர். 1954 முதல் நைஜீரிய வானொலியில் பணியாற்றினார். சட்டம் பயில அனுப்பப்பட்ட ஓபி ஆங்கில இலக்கியம் பயின்று திரும்பினான் என்னும் செய்தியை எழுதுங்கால் அவர் தம்மையும் நினைந்திருப்பார் என்று ஊகிப்பது மிகையாகாது.

இனி ஓபியின் நம்பிக்கையைப் பார்ப்போம். இலண்டனில் பயிலுங்காலத்து நைஜீரிய மாணவர் சங்கத்தில் அவன் ஒரு கட்டுரை படித்தான். அதிலே அவன் நாட்டிய கொள்கை இது: கீழ்ப்படியிலிருந்து பல ஆண்டுகள் மெல்ல மெல்ல ஏறி மேலே வந்த முதிய ஆப்பிரிக்கர் படிதோறும் கையூட்டுக் கொடுத்தே ஏறினர்; ஆதலின் மேலே அமர்ந்தபின் தாமும் கையூட்டுப் பெறுதலை உரிமையாகக் கருதுகின்றனர்; பல்கலைக்கழகத்திலிருந்து நேரே மேற்படிக்கு வரும் இளைஞர் எவர்க்கும் ஒன்றும் கொடுக்காமலே வருகின்றனர்; ஆகவே அவர்கட்கு நேர்மையாக வாழ இயலும்; முதியோர் இடத்தில் இளையோர் அமர்வரேல் ஊழல் ஒழியும். லாகோசில் வாழும் பொருளியல் பட்டதாரியான அவன் நண்பன் கிறிஸ்டபர் இதனை ஏற்பதில்லை. ஆயினும் ஓபி தன் கொள்கையில் உறுதியாக நிற்கிறான்.

இக்கொள்கை நகைப்பதற்கு உரியதன்று. அக்காலத்துப் படித்த இளைஞர் பலர் நெஞ்சார நம்பியது இதுவே. எளிமையான கொள்கையாயினும் அதில் ஓர் அளவை முறை அமைந்துள்ளது. ஒழுக்கத்தை ஓபி மனத்தின் பெருமையாகக் கூறவில்லை என்பதைக் கூர்ந்து நோக்குக. கடன்படாதவனுக்கே ஒழுக்கம் இயலும் என்கிறான். அங்ஙனமாயின் அவன் கடன்படாதவனா?

இவ்வினாவை எழுப்பிய அளவில் புதினத்தின் உட்கதவு திறக்கிறது. ஓபியை இங்கிலாந்துக்கு அனுப்பியது அரசு அன்று. உமுவோபியா முன்னேற்றச் சங்கம். உமுவோபியா என்னும் இக்போச் சிற்றூரிலிருந்து நகரங்களிற் சென்று பிழைப்போர் கூடி அமைத்த சங்கம் அது. ஏழை எளியோர் பலர் தம் வருவாயிலிருந்து தமக்குத் தாமே வரி விதித்துத் திரட்டிய எண்ணூறு பவுனை அவர்கள் அவனுக்குக் கடனாக அளித்தனர். மீண்டு வந்தபின் நான்கு ஆண்டுகளுள் அதனை அவன் திருப்பித் தரல் வேண்டும். அத்தொகையால் அடுத்தவன் ஒருவன் செல்வான். முதிய எழுத்தன் மேலதிகாரிக்குக் கொடுத்து ஏறினான். ஓபி உறவினரிடம் வாங்கி ஏறினான். இருவர் ஏணியும் விலைக்கு வந்ததே. தன் ஏணியின் விலையை ஓபி தன் கட்டுரையில் கணக்கிட மறந்தான். அச்செபே மறக்கவில்லை.

ஓதற்பிரிவுக்கு இலக்கணம் வகுத்த நம் பண்டை நூல்கள், ஓதச் சென்றவன் மீண்டு வந்து செலுத்த வேண்டிய தவணையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அக்காலத்து ஓதல் வேறு போலும்.

உதவித்தொகைக் குழுவின் செயலாளனாக உயர்நிலைப் பணியில் அமரும் ஓபிக்குக் கிடைக்கும் ஊதியம் ஊரார் கண்ணுக்குப் பெருஞ்செல்வம். அவனுக்கும் முதலில் அவ்வாறே தோன்றுகிறது. சங்கத்திற்குத் திங்கள்தோறும் இருபது பவுன்; பெற்றோர்க்குப் பத்துப் பவுன். இவ்விரண்டு மட்டுமே ஊதியத்தின் பெரும்பகுதியை விழுங்குகின்றன. எஞ்சியதில்தான் பணியின் மதிப்புக்கேற்ற வாழ்க்கையை நடத்தல் வேண்டும். முன்னர் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்த இக்கோயியில் வீடு, மாரிஸ் ஆக்ஸ்போர்டு மோட்டார் வண்டி, வண்டியோட்டி, பணியாள் என அவை விரிகின்றன. வண்டி வாங்க அரசு முன்பணம் தரும், அதுவும் கடனே. ஓராண்டு கழிந்ததும் காப்புறுதிக் கட்டணம் வந்து நிற்கிறது. அஃது ஆண்டுதோறும் வருமென்பதை அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்பகுதியை நாம் படிக்குங்கால் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

இவ்விடத்து ஒரு நுட்பம் உண்டு. அப்பணியின் வாழ்க்கை முறை ஐரோப்பியர்க்காக வகுக்கப்பட்டது. அவ்வதிகாரிக்கு அங்கே குலமில்லை, ஊர்ச்சங்கமில்லை, பள்ளிச் சம்பளம் கேட்டு நிற்கும் தம்பியுமில்லை. வீடும் வண்டியும் விடுப்புப் படியும் அவனுக்கு அளவாகத் தைத்த சட்டை. அதே சட்டையைக் குலமும் ஊரும் தாங்கி நிற்கும் ஒருவனுக்கு அணிவித்தபோது அது கிழிந்தது. சட்டையைத் தைத்தவர் உடலைக் குறை கூறினர். ஓபியின் மேலதிகாரி கிரீன், படித்த நைஜீரியர் சலுகைகளையே நாடுகின்றனர் எனப் பழிக்கிறார். அச்சலுகைகளை வகுத்தவர்களே நீங்கள்தாம், ஐரோப்பியர் அனைவரும் மேற்பணியிலும் ஆப்பிரிக்கர் அனைவரும் கீழ்ப்பணியிலும் இருந்த காலத்து உங்களுக்காகவே வகுத்தீர்கள், எம்முள் சிலர் உள்ளே வந்ததும் எம்மைப் பழிக்கிறீர்கள் என்னும் கருத்துப்பட ஓபி கூறும் மறுமொழி இந்நூலின் மிகக் கூரிய இடங்களுள் ஒன்று.

கிரீனைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். ஆப்பிரிக்கர் அனைவரும் ஊழலில் ஊறியவர் எனத் துணிந்து கூறும் இவரை ஆசிரியர் கொடியவராக வரைந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கிரீன் கடுமையாக உழைப்பவர். தம் பணியாளின் மக்களுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டுபவர். அவருக்கு ஆப்பிரிக்காவின்பால் அன்பு உண்டு. தமக்குக் கீழ் நிற்கும் ஆப்பிரிக்காவின்பால் அவ்வன்பு. தம்மருகே நாற்காலியிட்டு அமரும் ஆப்பிரிக்காவின்பால் அன்று. பகைவனையும் இவ்வளவு நடுநிலையோடு காட்டிய பெருமிதம் விடுதலை வாயிலில் நின்ற ஓர் இளைய ஆசிரியர்க்கு எளிதில் வாய்ப்பதன்று.

கணக்கே உயிர்நிலை என்றால், ஓபி சூழ்நிலையின் கைப்பாவைதானா என மாணவர் வினவலாம். அன்று. சங்கக் கூட்டத்தில் நிகழ்வதைப் பார்க்க. தவணையைத் தொடங்க நான்கு திங்கள் காலநீட்டிப்பு வேண்டுகிறான் ஓபி. சங்கம் இசைகிறது. இசைந்த தலைவர், தந்தை முறையில் அறிவுரை கூறுபவராய், அவன் காதலிக்கும் பெண்ணின் குலத்தைப் பற்றி வாய் திறக்கிறார். செவிலியாகப் பயிற்சி பெற்ற கிளாரா ‘ஒசு’ மரபினள். முன்னோர் தெய்வத்திற்கு அடிமையாக்கப்பட்டமையால் வழிவழியாக விலக்கி வைக்கப்பட்ட குடியினள். ஓபி சினந்து எழுகிறான். காலநீட்டிப்பும் வேண்டா, இத்திங்கள் முதலே செலுத்துகிறேன் எனச் சூளுரைத்து வெளியேறுகிறான். சினம் அறத்தின்பாற்பட்டதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சினத்தின் விலை திங்களுக்கு இருபது பவுன். அவனது மிகச் சிறந்த உணர்ச்சியே அவன் வரவு செலவைக் கவிழ்க்கிறது. பண்பாடும் பணமும் வேறு வேறாக நிற்பன என்பார் இக்காட்சியை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

முதற் புதினமாகிய ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) போன்ற பெருமிதம் இதற்கில்லை, ஓபி சிறியவன், துன்பியல் தலைவனாகும் உயரம் அவனுக்கில்லை என்று குறை கூறுவோர் உளர். இக்குறைக்கு நூலினுள்ளேயே விடை உண்டு. அரசுப் பணிக்கான நேர்காணலில் கிரகாம் கிரீன் 1948-இல் எழுதிய புதினமொன்றைப் பற்றி ஓபியிடம் வினவுகின்றனர். மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடொன்றில் பணியாற்றும் ஆங்கிலக் காவல் அதிகாரி தற்கொலையில் முடியும் கதை அது. அம்முடிவு துன்பியலைக் கெடுத்துவிட்டது என்கிறான் ஓபி. உண்மைத் துன்பியல் தீர்வதில்லை, நம்பிக்கையின்றித் தொடர்ந்துகொண்டே போவது, சாவு அதனை எளிதாக முடித்துவிடுகிறது என்பது அவன் கருத்து. இக்கருத்தை வெறும் நேர்காணற் பேச்சாகக் கொள்ளலாகாது. முதற் புதினத்தின் தலைவனாகிய ஒக்கொங்வோ தூக்கிட்டு மாண்டவன். ஓபி அவன் பேரன். பாட்டன் சாவில் பேருருக் கொண்டான். பேரனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் நீதிமன்றக் கூண்டில் நிற்கிறான். பின் சிறை செல்வான். அதன்பின்னும் வாழ்ந்தாக வேண்டும். ஓபியின் சிறுமையை ஆசிரியர் அறிந்தே படைத்தார் என்பதற்கு இந்நேர்காணலே சான்று. (கையூட்டுப் பெறுதற்காகவா இப்பணியை நாடுகிறீர் என்று குழு உறுப்பினர் ஒருவர் வினவுவதும் இந்நேர்காணலிற்றான். ஓபி சினக்கிறான். அவ்வினாவின் நிழல் நூல் முழுதும் நீள்கிறது.)

நூல் வழக்குமன்றத்திலேயே தொடங்குகிறது. முடிவை முதலிலேயே கூறிவிட்டமையால், என்ன ஆகும் என்னும் ஆவல் நீங்கி, ஏன் ஆயிற்று என்னும் வினா மட்டுமே நமக்கு எஞ்சுகிறது. நீதிபதி வியக்கிறார், படித்தவன் இவ்வாறு செய்யலாமா என்கிறார். கிரீன் தமக்கு எல்லாம் தெரியும் என்கிறார். சங்கத்தாரோ, ‘வெறும் இருபது பவுனுக்காகவா?’ என நாணுகின்றனர். ஒவ்வொருவரிடமும் ஒரு விளக்கம் உண்டு. ஓராண்டின் செலவுகளை நிரல்பட எண்ணிப் பார்த்தவர் அவருள் ஒருவருமில்லை.

குறையும் உண்டு. கிளாரா இங்கிலாந்தில் பயின்று, வேலையில் அமர்ந்து, தன் ஊதியத்தில் வாழும் பெண். விடுதலைக் கால இளந்தொழிலறிஞர் என்னும் தொடர்க்கு ஓபியைப் போலவே அவளும் உரியவள். கடனால் திணறும் ஓபிக்கு ஐம்பது பவுன் கொடுப்பவளும் அவளே. அது வண்டியிலிருந்து களவு போகிறது. ‘நான் உயிரோடிருக்கும்போது அவளை மணந்தால் என்னை மாய்த்துக்கொள்வேன்’ என்பது ஓபியின் தாய் கூறியதன் சாரம். அதன்பின் கருக்கலைப்பு, மருத்துவமனை எனத் துன்புற்று, கிளாரா கதையிலிருந்தே மறைந்துவிடுகிறாள். அவள் நாட்டைப் பற்றி என்ன கனவு கண்டாள், செவிலிப் பணியை எவ்வாறு கருதினாள் என்பவற்றை அறிய ஆசிரியர் நமக்கு ஒரு சாளரமும் திறக்கவில்லை. ஓபியின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக அவள் நின்றுவிட்டாள். இதனை அச்செபேயின் பெருங்குறையாகவே நாம் கருதுகிறோம். ஒசு முறையை நம் நாட்டுத் தீண்டாமையோடு ஒன்றெனக் கூறிக் கடந்து செல்லும் கட்டுரைகளும் வருகின்றன. விலக்கிவைத்தல் என்னும் அளவில் ஒப்புமை உண்டு. தோற்றமும் சமயத் தொடர்பும் வேறு. ஒப்பிடுவோர் வேற்றுமையையும் உடன் கூறல் வேண்டும்.

இக்கால எழுத்தாளர் பிறரும் இவ்விளைஞனை எழுதியுள்ளனர். சிப்ரியன் எக்வென்சியின் ‘பீப்பிள் ஆஃப் த சிட்டி’ (1954) லாகோஸ் செய்தித்தாள் நிருபன் அமுசா சாங்கோவைக் காட்டுகிறது. அவன் ஈற்றில் புதுவாழ்வு தேடிக் கோல்ட் கோஸ்டை நோக்குகிறான். நகரத்தின் ஓசை அதிலே நன்கு கேட்கிறது, கதைப்பின்னல் தளர்ந்தது. வோலே சோயிங்காவின் ‘தி இன்டர்ப்ரட்டர்ஸ்’ (1965) விடுதலைக்குப் பின்னைய நிலையைக் கூறுவது. அதில் வரும் பொறியாளன் செக்கோனி கட்டிய மின்னிலையத்தை இயக்கிப் பார்க்காமலே தகுதியற்றதெனத் தள்ளிவிடுகின்றனர். அங்கே நேர்மையாளன் மனம் சிதைகிறான். ஓபி சிதைவதோ வேறு விதம்.

அவ்விதத்தை நோக்குக. பணிக்கு வந்த தொடக்கத்தில் தங்கையின் உதவித்தொகைக்காகக் கையூட்டுத் தர வந்த மார்க் என்பவனை ஓபி விரட்டி விடுகிறான். அன்று அவன் உள்ளத்தே தோன்றும் மகிழ்ச்சி வெற்றி பெற்ற வீரனின் மகிழ்ச்சி. பின்னர்த் தாய் இறக்கிறாள். அவன் அடக்கத்திற்குச் செல்லவில்லை, பணம் அனுப்பினான். சங்கத்தார் பழிக்கின்றனர், இவன் தந்தையும் தன் தந்தையின் அடக்கத்திற்குச் செல்லாதவன் அன்றோ என நினைவுகூர்கின்றனர். ஓபிக்கோ துயரின் பின் ஒருவகை அமைதி பிறக்கிறது. கொள்கையும் குற்றவுணர்வும் ஒருங்கே அவிந்த அமைதி அது. அதன்பின் வாங்கத் தொடங்குகிறான். வாங்கியதைக் கொண்டு கடன்களைத் தீர்க்கிறான்.

இங்கேதான் அச்செபே ஒரு சிறு செய்தியைக் குறிக்கிறார். பலர் அதனைக் கவனியாது செல்கின்றனர். கையூட்டு வாங்கும் நாளிலும், குறைந்த அளவுக் கல்வித் தகுதி இல்லாத எவர் பெயரையும் ஓபி ஏற்பதில்லை. பணம் கொடுத்தவராயினும் தகுதியிலாதவரை உறுதியாக மறுத்துவிடுகிறான். இலண்டனில் கட்டுரை படித்த இளைஞன் முற்றும் இறக்கவில்லை. விதிகளின் ஒரு மூலையில் ஒடுங்கி உயிர் வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அவன் உள்ளம் வெந்தது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. இனி இதனைத் தாங்க இயலாது என அவன் துணிந்த நாளில் கதவு தட்டப்படுகிறது. வந்தவர்கள் தேடியவை அடையாளமிடப்பட்ட இருபது பவுன் தாள்கள். சங்கத்திற்கு அவன் திங்கள்தோறும் செலுத்திய தவணையும் அதே தொகை.